ஆட்டு ஈரல் தெரியும், நம் ஈரல் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்ம கச்சிராயபாளையம் கறிக்கடையில் நின்று பாருங்கள். "ஈரல் கால் கிலோ போடு, சுவரொட்டி இருக்கா, குடலை நல்லா அலசிக் குடு" என்று ஆளாளுக்கு உறுப்புகளின் பெயரை அடுக்குவார்கள். சுவரொட்டி என்றால் மண்ணீரல். அதே ஆளிடம், "உங்க மண்ணீரல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டால் முழிப்பார். அறுபது வயது வரை நானும் அப்படித்தான் முழித்தேன்.

எனக்கு உறைத்தது ஒரு சாவுக்குப் பிறகு. கோமுகி அணைப் பக்கம் தினமும் என்னோடு நடக்க வந்த நண்பர் அவர். ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவருக்கு நெஞ்சுக்குழியில் அழுத்தம், உடம்பெல்லாம் வேர்வை. "வாயு அடைச்சுக்கிச்சு" என்று அவரே முடிவு கட்டிவிட்டார். சோடா குடித்தார். வீட்டில் ஓமத் தண்ணி வைத்துக் கொடுத்தார்கள், முதுகைத் தேய்த்துவிட்டார்கள். விடிகாலையில் வண்டி பிடித்துக் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்திருந்தாலும் சோடாதான் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

இருதயம் மார்பின் நடுவில், சற்று இடது பக்கம் சாய்ந்து, அவரவர் மூடிய கை அளவில் இருக்கிறது. அதற்குக் கீழே இரைப்பை. இரண்டுக்கும் நடுவில் உதரவிதானம் என்ற மெல்லிய தசைத் தடுப்பு. ஒரே சுவரை வைத்துக் கட்டிய இரண்டு வீடு மாதிரி. சத்தம் எந்த வீட்டில் என்று சில நேரம் பிடிபடாது. மாரடைப்பின் வலி சிலருக்கு மேல்வயிற்றில் தெரியும், சிலருக்கு இடது கையில், தாடையில் தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வேர்வையும் மூச்சுத் திணறலும் மட்டும் வருவதுண்டு.

"அதெல்லாம் டாக்டர் பார்த்துக்குவார், நமக்கெதுக்கு?" என்பார்கள். டாக்டர் முதலில் கேட்பதே, "எங்கே வலிக்குது?" என்றுதான். நமக்கு மார்புக்குக் கீழே, இடுப்புக்கு மேலே எல்லாமே 'வயிறு'. வலது விலாவுக்கு அடியில் ஒன்றரை கிலோ அளவில் கல்லீரல், இடது விலாவுக்கு அடியில் மண்ணீரல், முதுகுப் பக்கம் இரண்டு சிறுநீரகம், வலது அடிவயிற்றில் குடல்வால். இவ்வளவு தெரிந்து விரல் வைத்துக் காட்டினால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். அதோடு, நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போவதா, விடியட்டும் என்று படுப்பதா என்று முடிவு செய்வது டாக்டர் இல்லை, நாம்தான்.

"எல்லாம் இங்கிலீஷ் பேரு, வாயில நுழையாது" என்பது இன்னொரு சாக்கு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். உடற்கூறு பற்றி 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெரிய தமிழ்ப் புத்தகம் 1872-லேயே அச்சாகிவிட்டது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம் மொழியைக் கற்று நமக்கே சொன்னதை, நாம் கறிக்கடையோடு நிறுத்திக்கொண்டோம்.

2022-லிருந்து கள்ளக்குறிச்சிக்கு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. கூப்பிட்டால் 108 வருகிறது. ஆனால் கூப்பிட வேண்டிய நேரம் இது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

பேரப்பிள்ளையின் அறிவியல் புத்தகத்தை வாங்கி உடம்புப் படத்தைத் திறந்து வையுங்கள். உங்கள் உடம்பிலேயே கை வைத்துப் பத்து உறுப்பின் இடத்தைப் பழகுங்கள், பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். நம் வயதில் நெஞ்சு அழுத்தி வேர்த்தால் சோடா தேட வேண்டாம். முதலில் போனை எடுங்கள். வெறும் வாயுதான் என்று டாக்டர் சொல்லித் திருப்பி அனுப்பினால், சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வரலாம்.