பிட்டும் தேங்காய்ப்பூவும் எண்டு சொன்னாப் போதுமா?

மட்டக்களப்பில் தமிழ் – முஸ்லிம் உறவைப் பற்றி எந்த மேடையில் யார் பேசினாலும் அஞ்சு நிமிசத்துக்குள்ள அந்த வசனம் வந்திடும். "நாங்க பிட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி வாழ்ந்த சனம்." இப்தாரிலயும் சொல்லுவாங்க, பொங்கல் விழாவிலயும் சொல்லுவாங்க, தேர்தல் வந்தா ரெண்டு தரம் சொல்லுவாங்க. எல்லாரும் கைதட்டுவம். பிறகு வீட்டுக்குப் போனா வேற கதை. "அவங்கள நம்பேலாது", "அவங்கட கடையில வாங்காத", "அவங்க எப்பவும் அப்படித்தான்." இந்தக் கதை தமிழ் வீட்டிலயும் நடக்குது, முஸ்லிம் வீட்டிலயும் நடக்குது. ரெண்டு பக்கமும் "அவங்க" எண்டுதான் சொல்லுறம். ஆக்கள் மட்டும்தான் மாறுறாங்க.

பிட்டு – தேங்காய்ப்பூ வசனம் பொய் இல்ல. இந்த மண்ணில ரெண்டு சமூகத்துக்கும் நடுவில இருக்கிற ஒற்றுமை இலங்கையின் வேற இடங்களில் லேசில கிடைக்காது. தாய்வழியாகக் குடி பார்க்கிற வழக்கம் மட்டக்களப்புத் தமிழருக்கும் இருக்கு, முஸ்லிம்களுக்கும் இருக்கு. மகளுக்குக் கலியாணம் எண்டா வீடு கட்டிக் குடுக்க வேணும் எண்ட கவலை ஆரையம்பதி அப்பாவுக்கும் ஒண்டுதான், பக்கத்துக் காத்தான்குடி வாப்பாவுக்கும் ஒண்டுதான். படுவான்கரை வயலும் வாவி மீனும் எழுவான்கரைச் சந்தையும் ஒண்டையொண்டு நம்பித்தான் காலம்காலமா ஓடினது. பேசுறதும் ஒரே தமிழ். "மறுகா" எண்டு ஒருத்தன் கதையைத் தொடங்கினா அவன் எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சவன் எண்டு அதை வைச்சுக் கண்டுபிடிக்க ஏலாது.

என்ட பிரச்சினை என்னெண்டா, இந்த வசனம் 1990ஐ அப்படியே தாண்டிப் பாயுது. "அந்தக் காலத்தில ஒற்றுமையா இருந்தம், இனியும் இருப்பம்" எண்டு சொல்லி நடுவில ஒரு பெரிய குழியை மூடிப்போட்டு நடக்குது. மூடின குழிக்கு மேல எத்தனை தரம்தான் நடக்கிறது?

அந்தக் குழியின் அளவு முப்பத்தேழு நாள். திகதி போட்டே சொல்லுறன்.

1990 ஓகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர். ஓகஸ்ட் 11 இரவும் 12 விடியலும் ஏறாவூர். அங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள், பெண்களும் குழந்தைகளும் கூட. அதே ஓகஸ்ட் 12இல் அம்பாறைப் பக்கம் வீரமுனையில், கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம் ஊர்காவல் படையினர் அதில் இருந்ததாக அந்த ஊர்ச் சனம் இண்டைக்கும் சொல்லுது. ஓகஸ்ட் 15இல் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்கக் குரு இயூஜின் ஹீபர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூட வந்த தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 தமிழர்களை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9, எங்கட அமிர்தகழிக்குப் பக்கத்தில சத்துருக்கொண்டான். அந்த ஊரிலும் கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடியிலும் இருந்து கூட்டிக்கொண்டு போகப்பட்ட 180க்கும் மேற்பட்டோர் இராணுவ முகாமில் கொல்லப்பட்டார்கள். கைக்குழந்தைகளும் அதில் அடக்கம்.

ஓகஸ்ட் 3இலிருந்து செப்டெம்பர் 9 வரை எண்ணிப் பாருங்க, முப்பத்தேழு நாள். அடுத்தடுத்த ரெண்டு மாவட்டம். ஆனா எங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பட்டியல் முழுசாத் தெரியும்? தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சத்துருக்கொண்டான் தெரியும், வந்தாறுமூலை தெரியும். முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளிவாசல் தெரியும், ஏறாவூர் தெரியும். ஒவ்வொரு பக்கமும் தன்ர பாதியை மட்டும் மனப்பாடம் செய்து வைச்சிருக்கு. பாதிக் கணக்கை வைச்சுக்கொண்டு பார்த்தா எப்பவும் மற்றவன்தான் கடன்காரன்.

2024ஆம் ஆண்டை எடுங்க. ஓகஸ்ட் 3இல் காத்தான்குடியில் சுஹதாக்கள் தினம். அடுத்த நாள் ஓகஸ்ட் 4, ஆடி அமாவாசை. மாமாங்கத் தீர்த்தத்துக்கு அமிர்தகழி முழுக்கச் சனம். இறந்துபோன அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சுக் கடன் கழிக்கிற நாள். ரெண்டு ஊருக்கும் நடுவில பத்துக் கிலோமீற்றர் வராது. அடுத்தடுத்த நாளில ரெண்டு ஊரும் செத்தவங்களை நினைச்சு அழுகுது. ஒரு ஊரின் அழுகை மற்ற ஊருக்குக் கேட்கிறதில்ல. பள்ளிவாசல் சுவரில சன்னம் துளைச்ச அடையாளத்தை இன்னும் வைச்சிருக்காங்க. அமிர்தகழிப் பெடியங்களில் அதை நேரில போய்ப் பார்த்தவங்க எத்தனை பேர்? சத்துருக்கொண்டான் நினைவுத்தூபி பஸ் போற வழியிலதான் இருக்கு. அதில என்ன எழுதியிருக்கு எண்டு இறங்கி வாசிச்ச காத்தான்குடிப் பெடியங்கள் எத்தனை பேர்?

இப்ப மன்னிப்புக்கு வருவம். இந்த இடத்தில நாங்க ஒரு குழப்பத்தில இருக்கிறம் எண்டுதான் நினைக்கிறன். "பழசை மறந்து மன்னிப்பம்" எண்டு சொல்லுறவங்க ரெண்டு வேற வேற வேலையை ஒண்டாக் கட்டிப்போட்டாங்க.

ஒண்டு, மன்னிப்பு. அது அடிபட்டவனுக்கும் அடிச்சவனுக்கும் இடையிலான விசயம். பள்ளிவாசலில தகப்பனைப் பறிகொடுத்தவர் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் விடலாம். சத்துருக்கொண்டானில் குடும்பத்தையே இழந்தவருக்கும் அதே உரிமை. அவங்களுக்காக நானோ நீங்களோ மன்னிக்க ஏலாது, "மன்னிச்சிடுங்க" எண்டு நெருக்கவும் ஏலாது.

மற்றது, முற்கற்பிதம். 1990இல பிறக்காத ஒரு முஸ்லிம் பெடியன் எனக்கு ஒண்டும் செய்யேல்ல. நான் அவனை மன்னிக்க அங்க ஒண்டுமே இல்ல. அவன் மேல எனக்குச் சந்தேகம் இருந்தா அதைக் கீழ இறக்கி வைக்கிறது என்ட வேலை. அதைப் போய் மன்னிப்பு எண்டு பெயர் வைச்சா, அவன் ஏதோ குற்றம் செய்த மாதிரியும் நான் பெரிய மனசு பண்ணின மாதிரியும் ஆகிடும். அவன் பக்கத்தில இருந்து பார்த்தாலும் இதே கணக்குத்தான்.

உண்மையான மன்னிப்பு எப்படி இருக்கும் எண்டு இந்த ஊர் பார்த்திருக்கு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து முப்பது பேரளவில் இறந்தார்கள். கனபேர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள். அந்தச் சபையின் போதகர் ரொஷான் மகேசன் சில நாளிலேயே வெளிப்படையாகச் சொன்னார்: எங்களுக்கு வலிக்குது, கோபமும் இருக்கு, ஆனாலும் குண்டு வைத்தவரையும் அனுப்பியவர்களையும் நேசிக்கிறோம், மன்னிக்கிறோம் எண்ட கருத்தில. அவர் கோபத்தை மறைக்கேல்ல. நடந்ததைச் சின்னதாக்கவும் இல்ல. அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது, ஏனெண்டா இழந்தது அவங்கட சபை.

அதே நாட்களில இழக்காத நாங்க என்ன செய்தம்? வட்ஸ்அப்பில "அவங்கட கடைக்குப் போகாதீங்க" எண்டு அனுப்பினம். குண்டு வைத்த கும்பலின் தலைவன் சஹ்ரான் காத்தான்குடிக்காரன்தான். ஆனா அவனால முதல்ல அடிபட்டதும் காத்தான்குடி முஸ்லிம்கள்தான். 2017 மார்ச்சில அங்க சூபி வழியைப் பின்பற்றுகிறவர்களை அவன்ட ஆக்கள் தாக்கினாங்க. அந்த ஊர் முஸ்லிம்களே பொலிஸுக்குப் போய் முறைப்பாடு செய்தாங்க. அந்தக் கதையை யார் போர்வட் பண்ணினது? யாரும் பண்ணேல்ல. வெறுப்புக்குத் தேவையான துண்டு மட்டும்தான் பயணம் போகும்.

வதந்தி எவ்வளவு மலிவானது எண்டதுக்கு அம்பாறையே சாட்சி. 2018 பெப்ரவரியில, முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில கருத்தடை மாத்திரை கலந்து குடுக்கிறாங்க எண்டு ஒரு கதை. கடையையும் பள்ளிவாசலையும் அடிச்சு உடைச்சாங்க. பிறகு அரச பகுப்பாய்வாளர் பார்த்தா, அது வெறும் மாக்கட்டி. உடைச்ச கண்ணாடிக்கு அந்த அறிக்கை என்ன செய்யும்?

"சரி, எங்களுக்கு நடந்ததுக்கு யார் பதில் சொன்னது? நாங்க ஏன் முதல்ல பேச வேணும்?" எண்டு கேட்பீங்க. நியாயமான கேள்வி. சத்துருக்கொண்டானை ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்து அறிக்கை குடுத்தது. அதுக்காக யாரும் தண்டிக்கப்படேல்ல. பள்ளிவாசல் கொலைகளுக்கும் அதே கதி. அதனால மன்னிப்பைப் பற்றிப் பேசுறது நீதியைக் கைவிடுறது எண்டு யாரும் நினைக்கத் தேவையில்ல. தென்னாபிரிக்காவில 1996இல உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு விசாரணை தொடங்கினபோது, பொதுமன்னிப்புக் கேட்டவன் செய்ததை முழுசாச் சொல்ல வேணும் எண்டுதான் நிபந்தனை போட்டாங்க. அதிலயும் குறை இருந்தது. ஆனா உண்மை முதல்ல எண்ட வரிசை சரி. எங்கட நாட்டில உண்மையைச் சொல்ல முதலே மறக்கச் சொல்லுறாங்க.

2002 ஏப்ரலில கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில அன்ரன் பாலசிங்கம், வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியது நியாயப்படுத்த முடியாதது எண்டு ஒத்துக்கொண்டு, பழசை மறந்து மன்னிக்கும்படி கேட்டார். பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் சந்திச்சாங்க. அது சின்ன விசயம் இல்ல. ஆனா சில மாதத்துக்குள்ள மூதூரிலயும் வாழைச்சேனையிலயும் தமிழ் – முஸ்லிம் மோதல். தலைவர்கள் மேல கைகுலுக்கினா அது கீழ ஒழுங்கைக்கு வந்து சேரும் எண்டில்ல.

ஒழுங்கையில நடந்ததையும் பார்த்திருக்கிறம். கொரோனா காலத்தில இறந்த முஸ்லிம்களைக் குடும்பத்தின் விருப்பத்துக்கு மாறாக எரிச்சாங்க. பிறந்து 20 நாளான ஒரு குழந்தையையும் எரிச்சாங்க. 2021 பெப்ரவரி 3 தொடக்கம் 7 வரை பொத்துவிலில இருந்து பொலிகண்டிக்குத் தமிழர்கள் நடந்தபோது, ஜனாஸா எரிப்பை நிறுத்து எண்டதும் அந்தக் கோரிக்கைகளில ஒண்டு. முஸ்லிம் ஊர்களுக்கு ஊடா ஊர்வலம் போகேக்க அந்தச் சனமும் வந்து சேர்ந்தது. அந்த மாதக் கடைசியில அடக்கம் செய்ய அனுமதி வந்தது. இடம், எங்கட மாவட்டத்து ஓட்டமாவடி. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் அங்க அடக்கம். பெரும்பாலும் முஸ்லிம்கள், கூடவே இந்துக்கள், பௌத்தர்கள், கிறிஸ்தவர்கள். 2024 ஜூலையில அரசாங்கம் அந்த எரிப்புக்கு மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. மற்றவன்ட பிணத்துக்காக ஒருத்தன் றோட்டில இறங்கினான் எண்டது, ஆயிரம் இப்தார் மேடையை விடப் பெரிசு.

இதைத்தான் அன்பு எண்டு நான் விளங்கிக்கொள்ளுறன். கட்டிப்பிடிச்சு எடுக்கிற போட்டோ வேற. மற்றவன்ட இழப்பைத் தன்ர கணக்கில எழுதிறதுதான் அன்பு.

எங்கட தலைமுறைக்கு இதில ஒரு பெரிய தடை இருக்கு. தமிழ்ப் பள்ளிக்கூடம் வேற, முஸ்லிம் பள்ளிக்கூடம் வேற. ஒரே தமிழ்ப் புத்தகம், ஒரே ஓஎல், ஏஎல் சோதனை. ஆனா பதினெட்டு வயசு வரைக்கும் ஒரே வாங்கில இருந்து சாப்பாட்டைப் பங்கிட்டது கிடையாது. வளாகத்துக்கோ வேலைக்கோ போன பிறகுதான் முதல் சிநேகிதம். அதுக்குள்ள வீட்டுக் கதை மண்டையில காய்ஞ்சு போயிடும். பள்ளிக்கூட முறையை நாளைக்கே மாத்த எங்களால ஏலாது. ஆனா கீழ சொல்லுறதுக்கு யாரிட்டயும் அனுமதி கேட்கத் தேவையில்ல.

முப்பத்தேழு நாளையும் முழுசாத் தெரிஞ்சு வைச்சிருங்க. கதைக்கேக்க உங்கட பாதியைச் சொன்னா மற்றப் பாதியையும் சொல்லுங்க. "அவன் முதல்ல ஒத்துக்கொள்ளட்டும்" எண்டு காத்திருந்தா ரெண்டு பேரும் கிழவனாகிடுவம்.

"சோனி" எண்ட சொல்லை உங்கட வாயில இருந்து எடுங்க. முஸ்லிம் நண்பர்கள் "காபிர்" எண்டதை எடுக்கட்டும். அப்பா, மாமா ஆக்கள் சொன்னா சண்டை பிடிக்க வேண்டாம். "1990இல எங்களை யாராவது முஸ்லிம் ஆக்கள் ஒளிச்சு வைச்சிருந்தாங்களா, நாங்க யாரையாவது காப்பாற்றினமா?" எண்டு கேளுங்க. கன வீட்டில அந்தக் கதை கேட்க ஆளில்லாமக் கிடக்கும்.

குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு ஏதும் வந்தா, அனுப்ப முதல் ஒரு முஸ்லிம் சிநேகிதனுக்குக் கோல் எடுத்து உண்மையா எண்டு கேளுங்க. கோல் எடுக்க ஒரு நம்பர் கூட உங்கட போனில இல்லையெண்டா, முதல் வேலை அதுதான்.

வாற ஓகஸ்ட் 3இல ரெண்டு மூண்டு பேராச் சேர்ந்து காத்தான்குடிக்குப் போவம். பதாகை வேண்டாம், பேஸ்புக் லைவ் வேண்டாம். பேச வேண்டிய தேவையும் இல்ல. சுவருக்கு முன்னால கொஞ்ச நேரம் நிண்டிட்டு வருவம். செப்டெம்பர் 9இல சத்துருக்கொண்டானுக்கு வாங்க எண்டு அங்க இருக்கிற பெடியங்களைக் கூப்பிடுவம். வந்தா வரட்டும். வராட்டி அடுத்த வருசமும் கூப்பிடுவம்.