தானத்து மாட்டின் பல்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. சும்மா கிடைத்ததில் குறை கண்டுபிடிக்கக் கூடாதாம். மாடு விஷயத்தில் அது சரியாக இருக்கலாம். குழந்தைகளின் உயிர் விஷயத்தில் நான் அதை ஏற்கத் தயாராக இல்லை.

ஃபைசர் என்ற மருந்துக் கம்பெனி, பத்து லட்சம் டோஸ் நிமோனியா தடுப்பூசியை இலவசமாகத் தர முன்வந்தது. விலை ஒரு பைசா கிடையாது. வாங்கிக்கொள்ள வேண்டிய அமைப்பு, 2016 அக்டோபரில், வேண்டாம் என்று பகிரங்கமாக அறிவித்துவிட்டது.

மறுத்தது யாரோ வீம்பு பிடித்தவர்கள் அல்ல. போர் நடக்கும் ஊர்களிலும் அகதி முகாம்களிலும் கூடாரம் போட்டு வைத்தியம் பார்க்கும் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு. 1999-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. மூச்சு முட்டித் திணறும் குழந்தைகளைத் தினம் தினம் கண்ணால் பார்க்கிற டாக்டர்கள் அவர்கள். அவர்களே ஏன் வேண்டாம் என்றார்கள்?

“சும்மா கொடுத்தா வாங்கிப் போட வேண்டியதுதானே, இதுல என்ன கொள்கை வேண்டிக்கிடக்கு?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன்.

உலகத்தில் தொற்று நோய்களிலேயே குழந்தைகளை அதிகம் கொல்வது நிமோனியா. 2019-ல் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் இதில் செத்துப்போனார்கள். இதற்கு ஒரு முக்கியக் காரணம் நிமோகாக்கஸ் என்ற கிருமி. அதைத் தடுக்க நல்ல ஊசி இருக்கிறது. ஆனால் 2016-ல் அதை உலகத்துக்கு விற்றுக்கொண்டிருந்தவை இரண்டே கம்பெனிகள். ஒன்று ஃபைசர், இன்னொன்று ஜி.எஸ்.கே. கடைத்தெருவில் இரண்டே கடை இருந்தால் விலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2015-ல் இந்த ஒரே ஊசியில் ஃபைசரின் விற்பனை 600 கோடி டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டு கிரீஸ் நாட்டில் ஒதுங்கிய அகதிக் குழந்தைகளுக்குப் போட, இந்த டாக்டர்கள் ஒரு டோஸை 60 யூரோ கொடுத்து வாங்கினார்கள். அன்றைய கணக்கில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல். அதே ஊசி மிக ஏழை நாடுகளுக்கு, ‘கவி’ என்ற சர்வதேசத் தடுப்பூசிக் கூட்டணி மூலம், மூன்று டாலர் சொச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் மூன்று டாலருக்கும் விற்க முடிகிறது. அகதிக் குழந்தைக்கு மட்டும் ஏன் அறுபது?

டாக்டர்கள் கேட்டது தானம் இல்லை. ஒரு குழந்தைக்கான முழு ஊசியையும் 5 டாலருக்கு எல்லா வளரும் நாடுகளுக்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள். பல வருடம் பேச்சுவார்த்தை. லட்சக்கணக்கான கையெழுத்துகளுடன், நியூயார்க்கில் கம்பெனி தலைமையகத்துக்கு, பூக்கள் நிரப்பிய ஒரு தொட்டிலையும் தூக்கிக்கொண்டு போனார்கள். விலையைக் குறையுங்கள் என்று கேட்டால், விலையைப் பற்றிப் பேசாதீர்கள், இந்தாருங்கள் பத்து லட்சம் டோஸ் என்றது கம்பெனி.

இதுதான் தானத்தின் சூட்சுமம். கடனுக்கு அநியாய வட்டி வாங்குகிற ஒருவரிடம், வட்டியைக் குறையுங்கள் என்று ஊரே போய் நிற்கிறது. அவர் கோயிலில் அன்னதானம் போடுகிறார். சாப்பிட்டவன் வாயைத் திறப்பானா? அன்னதானத்துக்கு ஒரு நாள் செலவு. வட்டி வருஷம் பூரா வரும்.

இலவச மருந்துக்குப் பின்னால் வால் உண்டு. எந்த ஊரில் போடலாம், யாருக்குப் போடலாம் என்று கொடுப்பவர் நிபந்தனை வைக்கலாம். எப்போது நிறுத்துவார் என்று தெரியாது. அமெரிக்காவில் கம்பெனிகளின் மருந்து தானத்துக்கு வரிச் சலுகையும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது: தானம் வாங்காத நாடுகள், அதாவது கவி உதவிக்குத் தகுதி பெறும் அளவுக்கு ஏழையாகவும் இல்லாமல், அதிக விலை கொடுக்கும் அளவுக்குப் பணக்காரனாகவும் இல்லாமல் நடுவில் நிற்கிற நாடுகள், பழைய விலையிலேயே மாட்டிக்கொள்கின்றன. அந்த விலையைப் பற்றிக் கேட்டால் கம்பெனி தானக் கணக்கைக் காட்டும்.

“எல்லாம் சரி சார், அந்தப் பத்து லட்சம் ஊசியைப் போட்டிருந்தால் எத்தனை குழந்தை பிழைத்திருக்கும்? உங்கள் கொள்கைக்கு அந்தக் குழந்தை ஏன் பலியாக வேண்டும்?”

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. மறுத்த டாக்டர்களும் இந்தக் கேள்வியோடுதான் படுத்து எழுந்திருப்பார்கள். ஆனால் நடந்ததைப் பாருங்கள். மறுப்பு வெளியான அடுத்த மாதமே, 2016 நவம்பரில், நெருக்கடி நிலையில் சிக்கிய மக்களுக்கு ஊசி போடும் தொண்டு அமைப்புகளுக்கு விலையைக் குறைப்பதாக ஃபைசர் அறிவித்தது. ஜி.எஸ்.கே. ஏற்கெனவே செப்டம்பரில் இறங்கி வந்திருந்தது. பல வருடப் பேச்சுவார்த்தையில் அசையாத விலை, ‘வேண்டாம்’ என்ற ஒரு வார்த்தையில் அசைந்தது. தானத்தை வாங்கியிருந்தால் பத்து லட்சம் டோஸோடு கதை முடிந்திருக்கும்.

கொடையாளிகளே வேண்டாம், எல்லோரும் திருடர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் கீழே வரும் கதையையும் கேட்க வேண்டும்.

ஆப்பிரிக்காவில் செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை ஒரு நீண்ட பட்டையை ‘மூளைக்காய்ச்சல் வளையம்’ என்பார்கள். வறண்ட காற்று வீசும் மாதங்களில் அங்கே மெனிஞ்சைட்டிஸ் கொள்ளை நோயாகப் பரவும். பிழைத்தவர்களிலும் பலருக்குக் காது போய்விடும். 2001-ல் கேட்ஸ் அறக்கட்டளை 7 கோடி டாலர் கொடுத்தது. உலக சுகாதார நிறுவனமும் ‘பாத்’ என்ற அமைப்பும் சேர்ந்து புது ஊசி உருவாக்க இறங்கின. அவர்கள் செய்த முதல் வேலை, ஆப்பிரிக்க சுகாதார அதிகாரிகளிடம் போய், உங்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கேட்டது. ஐம்பது சென்ட்டுக்கு மேல் முடியாது என்றார்கள். அந்த விலைக்குச் செய்து தர ஒப்புக்கொண்டது நம் புனேயில் இருக்கும் சீரம் இன்ஸ்டிடியூட். 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் முதல் ஊசி போட்டார்கள். அதன்பின் 30 கோடிப் பேருக்கு மேல் போட்டாகிவிட்டது. எந்த ‘ஏ’ வகைக் கிருமிக்காக அந்த ஊசியோ, அது அந்த வட்டாரத்தில் ஏறக்குறைய காணாமலே போய்விட்டது.

அங்கே வாங்குகிறவர் விலையைச் சொன்னார். கொடையாளியின் பணம் அந்த விலைக்கு மருந்தைக் கொண்டுவந்தது. கொடுப்பது என்றால் இப்படிக் கொடுக்க வேண்டும்.

நிமோனியா ஊசியில் இது தலைகீழாக நடந்தது. இத்தாலி, பிரிட்டன், கனடா, ரஷ்யா, நார்வே ஆகிய அரசுகளும் கேட்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து 150 கோடி டாலரை ஒதுக்கி, ‘ஏழை நாடுகளுக்கு மருந்து செய்தால் வாங்கிக்கொள்ள நாங்கள் உத்தரவாதம்’ என்று 2009-ல் ஒரு திட்டத்தை அமல்படுத்தின. அந்தப் பணத்தின் பெரும் பகுதி போய்ச் சேர்ந்தது அதே இரண்டு கம்பெனிகளுக்கு. ஊசி கிடைத்தது உண்மை. குழந்தைகள் பிழைத்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் மூன்றாவது கடை திறக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

இந்தியாவில் 2017 ஆகஸ்டில் ஃபைசரின் ஊசிக்குக் காப்புரிமை கொடுத்தோம். அதே டாக்டர்கள் இதையும் எதிர்த்து மனுப் போட்டிருந்தார்கள். எடுபடவில்லை. சீரம் இன்ஸ்டிடியூட் வேறு வழியில் தன் சொந்த ஊசியைத் தயாரித்தது. அதற்கும் கேட்ஸ் பணமும் ‘பாத்’ அமைப்பும் உதவின. 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் வந்தது. கவிக்கு விலை ஒரு டோஸ் 2 டாலர். இந்தியாவில் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு டோஸ் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்த நிமோனியா ஊசி, 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-ல் நாடு முழுக்க அரசு தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று ஊசி இலவசம். இந்த இலவசத்துக்கு யாருக்கும் நன்றி சொல்லிக் கும்பிட வேண்டியதில்லை. ஊசி வரவில்லை என்றால் சத்தம் போட்டுக் கேட்கலாம். தானத்துக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

கேட்க முடியாத இடத்தில் தானம் எப்படி நடக்கும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலமே சாட்சி. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். பணம் கேட்ஸ் அறக்கட்டளை. நடத்தியது ‘பாத்’, கூட இருந்தது நம் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். ஊசி கம்பெனிகளின் தானம். ஏழு பெண்கள் இறந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணைக் குழு. ஊசியும் நல்ல ஊசிதான், இன்று உலகமே பரிந்துரைக்கிறது. ஆனால் 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த அறிக்கையைப் படித்தால் வயிறு எரியும். ஆந்திராவில் பார்த்த 9,543 சம்மதப் படிவங்களில் 2,763-ல் கையெழுத்துப் போட்டிருந்தது பெற்றோர் இல்லை, விடுதி வார்டன்! பழங்குடிப் பெண்ணின் அம்மா அப்பாவிடம் கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சும்மாதானே கொடுக்கிறோம், இதில் கேட்க என்ன இருக்கிறது என்ற மனசு.

தானத்தின் இன்னொரு முகத்தை 2025-ல் பார்த்தோம். ஜூன் மாதம் பிரஸ்ஸல்ஸில் கவியின் நிதி மாநாடு. 1,190 கோடி டாலர் வேண்டும் என்று கேட்டார்கள். அமெரிக்க சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி ஜூனியர், வீடியோவில் தோன்றி, இனி எங்கள் பணம் கிடையாது என்றார். திரண்டது 900 கோடிக்குச் சற்று மேல். வாஷிங்டனில் ஆட்சி மாறினால் ஆப்பிரிக்கக் கிராமத்துக் குழந்தையின் ஊசி கேள்விக்குறி ஆகிறது. அந்தக் குழந்தையின் தாய்க்கு அமெரிக்காவில் ஓட்டு இல்லை. பில் கேட்ஸ் தன் அறக்கட்டளையை 2045 டிசம்பர் 31-ல் மூடப்போவதாக அறிவித்திருக்கிறார். அவராவது தேதி சொன்னார். மற்றவர்கள் அதுகூடச் சொல்வதில்லை.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்பவர்கள் வெகுதூரம் போக வேண்டாம். 1956-ல் காமராஜர் மதிய உணவு தொடங்கியபோது ஊர் மக்கள் கொடுத்த நன்கொடையும் சேர்ந்துதான் உலை கொதித்தது. 1961 முதல் அமெரிக்காவின் ‘கேர்’ அமைப்பு பால் பவுடரும் மாவும் எண்ணெயும் தந்தது. அந்தப் பாலைக் குடித்து வளர்ந்தவர்கள் இன்றும் நம் வீடுகளில் தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். அந்த உதவியை நான் கொச்சைப்படுத்த மாட்டேன். ஆனால் அது அங்கேயே நின்றுவிடவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தபோது அது அரசு பட்ஜெட்டின் நிரந்தரச் செலவாயிற்று. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சமைத்த சோறு போட உத்தரவிட்டது. 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஏறியது. பிறர் கொடுத்த சோறு, குழந்தையின் சட்டப்படியான சோறாக மாறிவிட்டது. நல்ல கொடையின் வேலை இதுதான். தன் தேவை இல்லாமல் போகும்படி செய்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

இப்போது நம் நாட்டில் 2014 முதல் பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம். பலன்? ஆளுயர செக்கைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் நிற்கும் போட்டோ. பள்ளிக் கழிப்பறைச் சுவரில் குழந்தைகளின் ஓவியத்தைவிடப் பெரிதாகக் கம்பெனி முத்திரை. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் குழாயில் தண்ணீர் வருமா என்பதற்குப் பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை.

நீங்களும் வருடக் கடைசியில் ஏதோ ஒரு குழந்தையின் படம் போட்ட உறைக்கு ஐந்நூறோ ஆயிரமோ அனுப்புகிறவர்தான். அனுப்புங்கள், நிறுத்த வேண்டாம். அனுப்பும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள்.

ஒன்று, பெறுகிறவரிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டார்களா?

இரண்டு, கொடுக்கும் கம்பெனி இன்னொரு கையால் என்ன விலைக்கு விற்கிறது, என்ன வரி கட்டுகிறது?

மூன்று, நாளைக்கு இந்த நன்கொடை நின்றால் அந்தக் குழந்தைக்கு யார் பொறுப்பு?

மூன்றாவது கேள்விக்கு ‘அரசாங்கம்’ என்று பதில் வந்தால் தாராளமாகக் கொடுங்கள். பதிலே வராவிட்டால், அங்கே கேட்பதை விட்டுவிட்டு அதே கேள்வியை உங்கள் எம்.எல்.ஏ.விடமும் எம்.பி.யிடமும் கேளுங்கள். அதற்கு ஐந்நூறு ரூபாய்கூடச் செலவில்லை.

மாட்டின் பல்லைப் பார்ப்பது நன்றி கெட்டத்தனம் இல்லை. பால் குடிக்கப்போவது குழந்தை.