வேலிகாத்தானை ஏலம் ஒழிக்காது

ஓரிக்கைப் பாலாற்றங்கரையிலிருந்து உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிகள் வரை வேலிகாத்தான் மண்டிக் கிடக்கிறது. சீமைக்கருவேலத்துக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அது. மரத்தை ஏலம் விடுகிறார்கள்; எடுத்தவர் விறகுக்கும் கரிக்கும் வெட்டிப்போகிறார்; அடுத்த மழைக்கு அடிக்கட்டை தழைக்கிறது. இந்த முறையைக் கைவிட வேண்டும். இந்த மரத்தின் பலம் அதன் உயிரணுவிலேயே தொடங்குகிறது.

அதன் உறவான நம் வன்னிக்கு 28 குரோமோசோம்கள், இரண்டு தொகுதிகளாக. சீமைக்கருவேலத்துக்கு 56, நான்கு தொகுதிகள். மரபணுவின் ஒரு பிரதி பழுதானாலும் வேறு பிரதிகள் வேலையைப் பார்க்கும். உபரிப் பிரதிகள் மாறி, புது மண்ணுக்கேற்ற குணத்தைத் தரவும் கூடும். இந்த மரம் வெளியிலிருந்து வந்தது: வனப் பாதுகாவலர் பெட்டோம் 1876இல் அதன் விதை கேட்டார். 1877இல் கடப்பைப் பகுதியில் ஊன்றினார்கள். சிறு கூட்டமாக வந்திறங்கும் செடிகள் தமக்குள்ளேயே கலந்து நலிவதுண்டு. கூடுதல் தொகுதி உள்ளவை அதை ஓரளவு தாங்கும்.

அழிவின் விளிம்பில் நிற்கும் தாவரங்களில் இரண்டு தொகுதி உள்ளவையும், படையெடுத்துப் பரவுபவற்றில் கூடுதல் தொகுதி உள்ளவையும் மிகுதி என்று தில்லிப் பல்கலைக்கழகத்தின் மகாராஜ் பண்டிட் குழுவினர் 2011இல் காட்டினர். ஏரியை மூடும் ஆகாயத்தாமரைக்கும் நான்கு தொகுதிகள்தான்.

ஆனால் இதே மண்ணில் விளையும் வேர்க்கடலைக்கும் நான்கு தொகுதிகள் உண்டு. அது வயலைத் தாண்டுவதில்லை. குரோமோசோமோடு வேறு வசதிகளும் சேர வேண்டும். வேலிகாத்தானின் இனிப்புக் காயை ஆடுமாடு தின்கிறது. விதை சாணத்தோடு ஊர்சுற்றி முளைக்கிறது. மண்ணுக்குள் பல ஆண்டு காத்திருக்கவும் செய்கிறது.

அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022இல் கொள்கை வகுத்தது. அதற்கு உயிர் வர வேண்டுமானால், எத்தனை ஏக்கர் வெட்டினோம் என்று கணக்கெழுதுவதை நிறுத்திவிட்டு, வேரோடு பிடுங்கிய ஏரியில் தொடர்ந்து சில ஆண்டுகள் நாற்றைப் பொறுக்கப் பணம் ஒதுக்க வேண்டும். சோழ மன்னன் பராந்தகன் காலத்தில் ஏரி வாரியம் வைத்து நீர்நிலையைக் காத்த ஊர் உத்திரமேரூர். அந்தப் பொறுப்பை இன்று கிராமசபையிடம் கொடுக்கலாம். கரிமூட்டத்தை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கே அந்த வேலையில் முதலிடம் தர வேண்டும்.

இனி தீவனமென்றும் அழகுச்செடியென்றும் வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும், அதன் குரோமோசோம் தொகுதியையும் விதை பரவும் விதத்தையும் ஆராய்ந்த பிறகே நாற்றங்காலுக்குள் அனுமதிக்க வேண்டும். 1877இல் குரோமோசோமைச் சோதிக்க வழி இல்லை. இன்று இருக்கிறது.