மாரிமுத்து பையன், முத்துமாரி பொண்ணு: 'ஆண் பெயர்கள்' பெண் குழந்தைகள் பக்கம் நகர்கின்றனவா?

புதுக்கோட்டை மாவட்டம், குன்றாண்டார்கோவில். பல்லவர் காலக் குடைவரைக் கோயிலும், குதிரைகள் இழுத்துச் செல்வது போன்ற தேர் வடிவ மண்டபமும் இருக்கும் ஊர். இந்த ஊர்ப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். குன்று + ஆண்டார். 'ஆண்டான்' என்றால் ஆண். 'ஆண்டாள்' என்றால் பெண். 'ஆண்டார்' என்றால் மரியாதை. வேர் ஒன்றுதான், கடைசி எழுத்து மட்டும் மாறுது. தமிழ்ப் பெயர்களில் எது ஆண், எது பெண் என்ற பஞ்சாயத்து பெரும்பாலும் இந்தக் கடைசி எழுத்தில்தான் நடக்கிறது.

ஆண் பெயர்களைப் பெண் குழந்தைகளுக்கு வைப்பது மேற்கு நாடுகளில் இப்போது பெரிய பேச்சு. ஹாலிவுட் நட்சத்திரங்கள் பிளேக் லைவ்லி - ரயன் ரெனால்ட்ஸ் தம்பதி, 2014-ல் பிறந்த தங்கள் மகளுக்கு 'ஜேம்ஸ்' என்று பெயர் வைத்தபோது அது தலைப்புச் செய்தியானது. நம்ம ஊரிலும் அப்படி நடக்குதா? நடந்தால் அது நல்லதா?

வெளிநாட்டில் என்ன நடந்தது?

ஆஷ்லி, எவலின், லெஸ்லி, ஷெர்லி. இந்தப் பெயர்களைக் கேட்டதும் நமக்குப் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால், இவை எல்லாமே ஒரு காலத்தில் ஆங்கிலேய ஆண்களுக்கு வைத்த பெயர்கள். 1849-ல் சார்லட் பிராண்டி எழுதிய 'ஷெர்லி' நாவலில், மகன் பிறப்பான் என்று எதிர்பார்த்த பெற்றோர் அந்தப் பெயரை மகளுக்கு வைத்துவிடுவார்கள். அதன் பிறகு அது பெண் பெயராகவே நிலைத்துவிட்டது.

இதில் ஒரு 'ஒன்வே' இருக்கிறது. ஒரு பெயரைப் பெண் குழந்தைகளுக்கு வைக்கத் தொடங்கியதும், ஆண் குழந்தை வைத்திருப்பவர்கள் மெல்ல அந்தப் பெயரைக் கைவிட்டுவிடுகிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் குழு, இல்லினாய் மாநிலப் பிறப்புப் பதிவுகளை வைத்து 2000-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது. இருபாலருக்கும் பொதுவான பெயர் என்பது நீண்ட காலம் பொதுவாகவே நீடிப்பது கஷ்டம்.

தமிழில் ஏன் அப்படி நடக்கலை?

காரணம், இலக்கணம். ஸ்கூலில் படித்ததுதான்: அன், ஆன் என்று முடிந்தால் ஆண்பால். அள், ஆள் என்று முடிந்தால் பெண்பால். முருகன், வேலன், இளங்கோவன் எல்லாம் நெற்றியிலேயே 'ஆண்' என்று எழுதி ஒட்டிய பெயர்கள். ஒரு பெண்ணுக்கு 'முருகன்' என்று பெயர் வைத்தால் அது டிரெண்ட் ஆகாது, இலக்கணப் பிழை மாதிரிதான் காதில் விழும்.

ஆனால், நம்ம ஊர்க்காரர்கள் இந்தச் சுவரை எப்போதோ தாண்டிவிட்டார்கள். பெயரை அப்படியே எடுக்காமல், வேரை மட்டும் எடுத்து வாலை மாற்றினார்கள்.

கருப்பாயி யார் பெயர்?

கருப்பர் காவல் தெய்வம். கையில் அரிவாள், முறுக்கு மீசை. அந்தச் சாமியின் பெயரைப் பையனுக்கு வைத்தால் கருப்பையா, பெண்ணுக்கு வைத்தால் கருப்பாயி. வீரன் என்ற சொல்லிலிருந்து வீராயி. முனியிடமிருந்து முனியம்மா. பெருமாளிடமிருந்து பெருமாயி. ராமனிடமிருந்து ராமாயி. சுப்பிரமணியனைச் சுருக்கினால் சுப்பு. அதோடு லட்சுமியைச் சேர்த்தால் சுப்புலட்சுமி.

புதுக்கோட்டை மாவட்டத்தில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் ரொம்பப் பிரபலம். அம்மன் பெயரில் 'முத்துமாரி' என்றால் பொண்ணு. அதையே திருப்பிப் போட்டு 'மாரிமுத்து' என்றால் பையன். இரண்டிலும் அதே மாரி, அதே முத்து. முன்னே பின்னே இடம் மாறியதும் பால் மாறிவிட்டது. இப்படிப் பெயர் வைத்தவர்கள் யாரும் 'ஜெண்டர் நியூட்ரல்' என்ற வார்த்தையைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கே?

நடந்திருக்கிறது. 1903-ல் விருதுநகரில் பிறந்த காமராஜருக்கு முதலில் வைத்த பெயர் காமாட்சி, குலதெய்வத்தின் பெயர். 'பாரதி' என்பது சரஸ்வதியைக் குறிக்கும் சொல். எட்டயபுரத்துச் சுப்பிரமணியனுக்கு அது பட்டமாகக் கிடைத்து, கவிஞரின் பெயராகி, இன்று ஆண், பெண் இருவருக்கும் வைக்கும் பெயராகிவிட்டது. எழுத்தாளர் ரங்கராஜன் மனைவியின் பெயரான 'சுஜாதா'வைப் புனைபெயராக எடுத்துக்கொண்டு தமிழின் ஸ்டார் எழுத்தாளர் ஆனார்.

ஆங்கிலத்தில் ஷெர்லிக்கு நடந்தது தமிழில் நடந்ததா என்று கேட்டால், 'ராஜம்' நல்ல உதாரணம். 1890-களில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர்.ராஜம் அய்யர் ஆண். 1973-ல் 'வேருக்கு நீர்' நாவலுக்காகச் சாகித்ய அகாடமி விருது வாங்கிய ராஜம் கிருஷ்ணன் பெண். இன்று 'ராஜம்' என்றால் நம் மனதில் வருவது ஒரு பாட்டி மட்டும்தான்.

இப்போ என்ன மாறுது?

விகுதி உதிர்கிறது. அதுதான் புதுசு. தமிழ், மகிழ், இசை, யாழ், அன்பு மாதிரி 'அன்'னும் இல்லாத, 'ஆள்'ளும் இல்லாத பெயர்களை இன்றைய பெற்றோர் விரும்புகிறார்கள். மகிழன், மகிழினி என்று பிரிக்காமல் 'மகிழ்' என்றே நிறுத்திவிடுகிறார்கள். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் குழந்தைப் பெயர்ப் பட்டியல் வெளியிடுவது போல இங்கே வெளியிடுவதில்லை. அதனால் 'இத்தனை சதவீதம் மாறிடுச்சு' என்று யாராவது ரீல்ஸில் சொன்னால் நம்பாதீர்கள்.

பொதுப்பெயர் வைத்தால் குழப்பம் வரும் என்பவர்கள் பஞ்சாபைப் பார்க்கலாம். அங்கே சீக்கியப் பெயர்களில் பெரும்பாலானவை இருபாலருக்கும் பொது. இந்திய ஆண்கள் ஹாக்கி அணிக்குக் கேப்டன் ஹர்மன்ப்ரீத் சிங். பெண்கள் கிரிக்கெட் அணிக்குக் கேப்டன் ஹர்மன்ப்ரீத் கவுர். பெயர் ஒன்றுதான். யாருக்கும் குழப்பம் இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ன்படி, பெயர் இல்லாமல் பதிவான குழந்தைக்கு 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதன் பிறகு, தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். எது ஆண் பெயர், எது பெண் பெயர் என்று இந்தச் சட்டம் பட்டியல் எதுவும் போடவில்லை.

ஜெர்மனியில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. பெயரைப் பார்த்தாலே பால் தெரிய வேண்டும் என்று பதிவு அலுவலகங்கள் வற்புறுத்தின. இந்திய வேர் கொண்ட ஒரு குடும்பம் தங்கள் மகளுக்கு 'கிரண்' என்று பெயர் வைக்கப் போராடி, நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2008-ல் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. இங்கே கிரண் பேடியும் இருக்கிறார், கிரிக்கெட் வீரர் கிரண் மோரேயும் இருக்கிறார். நமக்குச் சாதாரணமான விஷயம், அங்கே உச்ச அளவிலான வழக்கு.

அப்போ எல்லாம் ஓகேதானா?

முழுசா இல்லை. பெண் குழந்தைக்கு ஏன் ஆண் பெயர் என்று கேட்டால், 'கெத்தா இருக்கும்', 'தைரியமா வளருவா' என்று பதில் வருகிறது. தைரியம் ஆண் பெயரில்தான் இருக்கிறது என்றால், பெண் பெயரில் என்ன இருக்கிறது? மகளுக்கு 'ஜேம்ஸ்' வைத்தால் கைதட்டுகிற நாம், மகனுக்கு 'மலர்' என்று வைத்தால் கைதட்டுவோமா? முதல் நாளே 'பாவம், ஸ்கூலில் கிண்டல் பண்ணுவாங்க' என்போம். மேலே ஏறினால் பெருமை, கீழே இறங்கினால் அவமானம் என்ற கணக்கு இது. எது மேலே, எது கீழே என்று நாம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம் என்பதுதான் இதன் அர்த்தம்.

வேலை உலகமும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. 2012-ல் அமெரிக்காவின் யேல் ஆய்வாளர்கள், அறிவியல் பேராசிரியர்களிடம் ஒரே விண்ணப்பத்தை 'ஜான்', 'ஜெனிஃபர்' என்று பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். ஜானைத்தான் கூடுதல் திறமைசாலி என்றார்கள், கூடுதல் சம்பளமும் தரலாம் என்றார்கள். மதிப்பிட்டவர்களில் பெண் பேராசிரியர்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை.

நம் மாநிலத்துப் பெயர்களிலும் இந்த வலி பதிவாகியிருக்கிறது. பெண் குழந்தைகளே தொடர்ந்து பிறந்தால் 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்று பெயர் வைத்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் உண்டு. மகாராஷ்டிர மாநிலம் சதாராவில் 'வேண்டாதவள்' என்ற அர்த்தம் கொண்ட 'நகுஷி' என்ற பெயரைச் சுமந்த 285 சிறுமிகளுக்கு 2011-ல் விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டினார்கள். அதே 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு 943 பெண்கள்தான். மகன் வரவில்லை என்ற ஏக்கத்தில் மகளுக்கு ஆண் பெயர் வைத்தால், அது 'வேண்டாம்' என்பதன் நாகரிகமான வடிவம். அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

விகுதி இல்லாத பெயர்களை வரவேற்கலாம். 'தமிழ்' என்று ஒரு விண்ணப்பம் வந்தால், அது ஆணா பெண்ணா என்று தெரியாமலேயே படிக்க வேண்டிய நிலை ஹெச்.ஆருக்கு வரும். அது நல்லதுதான். மெயிலில் பெயரைப் பார்த்ததுமே 'டியர் சார்' என்று ஆரம்பிக்கும் பழக்கத்தை அலுவலகங்கள் விடணும்.

குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோருக்கு ஒரு சின்ன டெஸ்ட். நீங்கள் தேர்வு செய்த பொதுப்பெயரை மகனுக்கும் அதே மகிழ்ச்சியோடு வைப்பீர்களா? 'ஆமாம்' என்றால் தாராளமாக வையுங்கள். 'பொண்ணுக்கு மட்டும்தான்' என்றால், மாற வேண்டியது பெயர்ப் பட்டியல் அல்ல.