பத்து லட்சத்தோடு கணக்கு முடிந்ததா?

2023 மே மாதம். எக்கியார்குப்பத்தில் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுருண்டு விழுந்தார்கள். மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது சாராயமே இல்லை, தொழிற்சாலைக்கான மெத்தனால் என்று காவல்துறையே சொன்னது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தார் முதல்வர். உடனே அனுமந்தை டீக்கடையிலிருந்து ஃபேஸ்புக் வரை ஒரே கேள்வி: குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம்?

அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். பலர் தலித்துகள், கூலி வேலை செய்தவர்கள். மறுபடி பத்து லட்சம், மறுபடி அதே ஏளனம். ஏளனம் செய்கிறவர்களில் யாரும் மெத்தனால் எப்படி ஊருக்குள் வந்தது என்று கேட்பதில்லை.

தோழர்களே, நாங்கள் கேட்பது வேறு. இந்தப் பத்து லட்சம் கருணைத் தொகை. தன் தவறு என்று ஒப்புக்கொண்டு அரசு இதைக் கொடுப்பதில்லை. குடும்பங்கள் தாராளமாக வாங்கட்டும். வாங்கியதால் வழக்குப் போடும் உரிமை போய்விடாது. பிணவறை வாசலில் இதைச் சொல்லத்தான் ஆள் இருப்பதில்லை. கொலையான தலித்தின் குடும்பத்துக்கு வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 2016 முதல் 8.25 லட்சம் என்று எழுதியே வைத்திருக்கின்றன: பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும். அங்கே எந்த அமைச்சரின் மனமும் இரங்க வேண்டியதில்லை.

விஷச் சாராயச் சாவுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஆனால் வழி உண்டு. ஒடிசாவில் 1987-ல் போலீஸ் பிடித்துப்போன 22 வயது மகன் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். தாய் நீலாபதி பெஹெரா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாகி, 1993-ல் 1,50,000 ரூபாய் இழப்பீடு தர உத்தரவானது. உயிர் வாழும் உரிமையை அரசு பறித்தால் 32, 226 பிரிவுகளின் கீழ் நீதிமன்றமே இழப்பீடு விதிக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு.

'விற்றவன் குற்றவாளி, நாங்கள் என்ன செய்வோம்' என்பார் அரசு வழக்கறிஞர். சரி, அப்படியானால் மரக்காணம் காவல் ஆய்வாளரை எதற்காகப் பணியிடை நீக்கம் செய்தீர்கள்? அந்த உத்தரவுதான் நம் மனுவின் முதல் ஆவணம். உயர் நீதிமன்றம், 'சாட்சி விசாரிக்க வேண்டிய விஷயம், சிவில் கோர்ட்டுக்குப் போ' என்று திருப்பி அனுப்பவும் கூடும். அதனால்தான் இரண்டாவது கதவையும் திறந்து வைக்கச் சொல்கிறோம். 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டப்படி மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகளுக்காக இழப்பீட்டு வழக்குப் போடலாம். கெடு, இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. அரசு மீது என்றால் இரண்டு மாத நோட்டீசும் கொடுக்க வேண்டும். எக்கியார்குப்பத்துக்கு அந்தக் கெடு 2025 மேயில் வந்துபோனது. கருணாபுரத்துக்கு 2026 ஜூன். 226-க்கு அப்படி நாள் குறிக்கவில்லை, ஆனாலும் ஏன் தாமதம் என்று நீதிபதி கேட்பார்.

வக்கீல் பீசுக்கு எங்கே போவது? 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். மீனவ ஊரின் விதவைக்கும் அது பொருந்தும். சாதி பிரித்து அழ வேண்டிய சாவு இல்லை இது.

சட்டக் கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, உள்ளுறுப்பு ஆய்வு முடிவு, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல்களை வாங்கிக் குடும்பத்தின் கையில் கொடுங்கள். அடுத்தது கூலிக் கணக்கு. இறந்தவர் எவ்வளவு சம்பாதித்தார் என்பதை வைத்துத்தான் இழப்பீட்டைக் கணக்கிடுவார்கள். உப்பளத்தில் தினக்கூலி வாங்கியவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலத்தை இப்போதே எழுதி வாங்குங்கள்.