படம் எடுக்கப் பணமா இல்லை?

இன்றைய சினிமாவைப் பற்றிக் குறை கூறாதவர் நம்மில் ஒருவர்கூட இல்லை. பேய், பில்லி சூனியம், ஜாதிப் பெருமை, பெண்ணை அடக்குகிறவனே ஆண்பிள்ளை என்னும் உபதேசம் ஆகிய இவைகளைத் தவிர இவர்களுக்கு வேறு கதையே கிடைக்கவில்லையா என்று டீக்கடையில் உட்கார்ந்து கேட்கிறோம். கேட்டுவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை அதே மாதிரிப் படத்துக்கு டிக்கெட் வாங்குகிறோம். சினிமாவைத் திட்டுகிறவனும் டிக்கெட் வாங்கித்தான் திட்டுகிறான் என்பது பட முதலாளிக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் நம்முடைய திட்டு அவரை ஒன்றும் செய்வதில்லை.

"அப்படியானால் நீங்களே ஒரு படம் எடுத்துக் காட்டுவதுதானே?" என்று யாராவது கேட்டால், உடனே வருகிற பதில் "பணத்துக்கு எங்கே போவது?" என்பதுதான். இந்தப் பதில் பாதி வாஸ்தவம்; பாதி சோம்பேறித்தனம். பணத்தை யாரிடம் வாங்குவது, எடுத்த படத்தை யார் மூலமாய்க் காட்டுவது என்னும் இரண்டு கணக்கை நாம் கற்றுக்கொள்ளவில்லை என்பதே உண்மையான சங்கதியாகும்.

இன்று நடப்பது என்ன என்று முதலில் பார்ப்போம். படம் எடுக்கிறவர் பைனான்ஸியரிடம் வட்டிக்குக் கடன் வாங்குகிறார். வாங்கின நாள் முதல் படம் வெளிவரும் நாள் வரை வட்டி ஏறிக்கொண்டேயிருக்கிறது. கடன் தீராமல் படம் வெளியே போகக்கூடாதென்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வதும் உண்டு. அதாவது, பிள்ளை பிறப்பதற்கு முன்பே அடகுக் கடைக்குப் போய்விடுகிறது!

பிறகு அவர் தமிழ்நாட்டைச் சென்னை, செங்கற்பட்டு, ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி-தஞ்சை, மதுரை-ராமநாதபுரம், நெல்லை-கன்னியாகுமரி என்று ஏரியா ஏரியாவாகப் பங்கு போட்டு விநியோகஸ்தர்களிடம் போகிறார். விநியோகஸ்தர் 'மினிமம் கியாரண்டி' என்று ஒரு தொகையைக் கொடுத்து நஷ்டத்தைத் தாமே ஏற்றுக்கொள்ளலாம். அட்வான்ஸ் கொடுத்து, வசூல் குறைந்தால் மீதியைத் திருப்பிக் கேட்கலாம். அல்லது கைக்காசு போடாமல் கமிஷனுக்கு மாத்திரம் படத்தை எடுத்துக்கொள்ளலாம். எந்த வகையானாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி "கதாநாயகன் யார்?" என்பதே தவிர, "கதை என்ன?" என்பதல்ல. இதற்கு மேல், தியேட்டரில் டிஜிட்டல் மெஷினில் படத்தைக் காட்டுவதற்கென்று தனிக் கட்டணம். 2018 மார்ச்சு மாதம் தமிழ்ப்படத் தயாரிப்பாளர்களே இந்தக் கட்டணம் தாங்கவில்லையென்று புதுப்படம் வெளியிடுவதை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள் என்றால், புதிதாய் வருகிற ஏழையின் கதி என்ன என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு ஆபத்துக்கும் இவர்கள் கண்டுபிடித்திருக்கிற பரிகாரம் என்ன? பூஜை! நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, காமிராவுக்குச் சூடம் காட்டி, பெயரின் எழுத்தைக் கூட்டிக் குறைத்து ஆரம்பிக்கிறார்கள். வருஷா வருஷம் நஷ்டத்தில் விழுகிற படங்களெல்லாம் பூஜை போட்ட படங்கள்தானே? வட்டி மாத்திரம் ராகு காலத்திலும் ஏறுகிறது, எமகண்டத்திலும் ஏறுகிறதே! கணக்குப் புஸ்தகத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் வேறென்ன ஆகும்?

நிற்க, வேறு வழியில் படம் எடுத்தவர்களே உலகத்தில் இல்லையா? இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஆஸ்கார் மிஷோ என்று ஒரு கறுப்பர். 1884இல் பிறந்தவர். அடிமையாயிருந்த வம்சத்தில் வந்தவர். ரயிலில் சிப்பந்தியாய் வேலை செய்து, பிறகு தெற்கு டகோட்டாவில் நிலம் உழுதவர். தாமே நாவல் எழுதி, தாமே வீடு வீடாய்க் கொண்டுபோய் விற்றார். ஒரு படக்கம்பெனி அவருடைய நாவலைப் படமாக்கக் கேட்டபோது, "டைரக்ட் செய்வது நானாக இருக்க வேண்டும்" என்றார். அவர்கள் சம்மதிக்கவில்லை. மிஷோ பைனான்ஸியரைத் தேடி ஓடவில்லை. புஸ்தகம் வாங்கிப் பழகின குடியானவர்களிடமே போய், 75 டாலர், 100 டாலர் என்று பங்கு விற்றுக் கம்பெனி சேர்த்தார். 1919இல் படம் வெளிவந்தது. பிறகு படப்பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய்த் தியேட்டர்க்காரர்களைக் கண்டு, அடுத்த படத்துக்கும் அவர்களிடமே முன்பணம் வாங்கினார். கறுப்பர்களை இழிவுபடுத்தி 1915இல் வெள்ளையர் எடுத்த படம் ஒன்று நாடெங்கும் ஓடிற்று. அதற்குப் பதில் சொல்லுகிற மாதிரி 1920இல் இவர் ஒரு படம் எடுத்தார். 1928இல் இவருடைய கம்பெனி திவாலாயிற்று. அதற்குப் பின்னும் எழுந்து 1948 வரை 40க்கு மேற்பட்ட படங்களை எடுத்து முடித்தார். இவர் எந்தச் சினிமாப் பள்ளிக்கூடத்தில் படித்தார்?

"அது அமெரிக்கா, பணக்கார தேசம்" என்பார்கள். சரி, நம்முடைய குஜராத்துக்கு வருவோம். 1976இல் சியாம் பெனகல் எடுத்த 'மந்தன்' என்னும் படத்துக்கு முதலாளி யார் தெரியுமா? பால் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள். தலைக்கு 2 ரூபாய். ஆக 10 லட்சம் ரூபாய். கிராமத்துப் பால் சங்கத்தில் தாழ்த்தப்பட்டவனுக்கும் ஓட்டு உண்டு என்றவுடன் ஊர்ப் பெரியதனக்காரனுக்கும் தனியார் பால் வியாபாரிக்கும் வயிறு எரிகிற கதை. எந்த வட்டிக்காரர் இந்தக் கதைக்குக் கடன் கொடுப்பார்? பணம் போட்ட குடியானவர்கள் லாரி லாரியாய் வந்து தங்கள் படத்தைப் பார்த்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், படம் எடுப்பதற்கு முன்பே அதைப் பார்க்கிற கூட்டம் தயாராய் இருந்தது. பணம் போட்டவனே பார்க்கிறவன், பார்க்கிறவனே விளம்பரக்காரன்.

இதற்கு ஓர் ஆட்சேபணை வரும்: "அங்கே பெரிய சங்கம் இருந்தது, எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லையே" என்று. அதற்கும் பதில் உண்டு. ஜான் ஆபிரகாம் என்னும் மலையாளி 1977இல் 'அக்கிரகாரத்தில் கழுதை' என்னும் தமிழ்ப்படத்தை எடுத்தார். சிறந்த தமிழ்ப்படம் என்று தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் தமிழ்நாட்டில் அதைத் தியேட்டரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? உங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள். காட்டுகிறவன் கை நம்மிடம் இல்லாவிட்டால், சர்க்கார் விருது கொடுத்தாலும் படம் பெட்டிக்குள்தான் கிடக்கும். அதே ஜான் ஆபிரகாம் பிறகு என்ன செய்தார்? கேரளத்தில் நண்பர்களோடு 'ஒடேசா' என்ற கூட்டத்தைச் சேர்த்தார். கிராமம் கிராமமாய்ப் போய்ச் சாப்ளின் படம் போட்டுக் காட்டி, ஜனங்களிடமே சில்லறை வசூலித்து, 'அம்ம அறியான்' என்னும் படத்தை 1986இல் முடித்தார். முடித்த படத்தையும் தியேட்டருக்குக் காத்திராமல் ஊர் ஊராய்ப் போட்டுக் காட்டினார்கள். அடுத்த வருஷமே ஜான் இறந்துபோனார். ஆனாலும் வழி தெரிந்துவிட்டதல்லவா?

"நூறு பேரிடம் பணம் வாங்கினால் நூறு பேரும் கதையில் கை வைப்பார்களே" என்றும் சிலர் பயப்படுவார்கள். பணம் கொடுக்கிற எவனும் கை வைக்கத்தான் பார்ப்பான். வட்டிக்காரன் கை வைத்தால் கவர்ச்சி ஆட்டம் வரும், அரிவாள் வரும், சாமியார் வருவார். நூறு தொழிலாளிகள் கை வைத்தால் அவர்களுடைய கூலியும் பசியும் வரும். எது தேவலை?

ஆகவே, செய்யக்கூடியதைச் சொல்லுகிறோம். இன்று நல்ல காமிரா கையிலுள்ள போனிலேயே இருக்கிறது. எடுப்பது சுலபமாயிற்று, காட்டுவதுதான் கஷ்டமாயிற்று. ஆகையால் எடுக்க ஒரு ரூபாய் ஒதுக்கினால், காட்டுவதற்கு ஒரு ரூபாய் ஒதுக்க வேண்டும். யார் வீட்டிலோ உண்டியல் வைத்து வசூலிக்கக் கூடாது. சட்டப்படி கூட்டுறவுச் சங்கமோ கம்பெனியோ பதிவு செய்து, பங்குக்கு ரசீது கொடுத்து, மாதா மாதம் கணக்கைப் படித்துக் காட்ட வேண்டும். "இது லாபம் நிச்சயமான வியாபாரம்" என்று ஒருவரிடமும் பொய் சொல்லக்கூடாது. போனால் போகட்டும் என்கிற அளவுக்குத்தான் ஒவ்வொருவரும் போட வேண்டும். பொதுவில் காட்ட 1952ஆம் வருஷத்துச் சட்டப்படி தணிக்கைச் சர்டிபிகேட் வேண்டும். அதற்குரிய பணத்தையும் காலத்தையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், காகிதத்தைப் படித்துக் கையெழுத்துப் போடுவது. நம் நாட்டுச் சட்டப்படி படத்தின் முதல் சொந்தக்காரர் தயாரிப்பாளர்; படம் வெளியான பின் 60 வருஷம் அந்த உரிமை நிற்கிறது. தியேட்டர், டெலிவிஷன், இண்டர்நெட், வெளிநாடு, டப்பிங் என்று அதைத் தனித்தனியாய், இத்தனை வருஷத்துக்கு என்று எழுதித்தான் கொடுக்க வேண்டும். "எல்லா உரிமையும் என்றென்றைக்கும்" என்று ஒரே காகிதத்தில் எழுதிக் கொடுப்பவன், 60 வருஷத்து நிலத்தை ஒரு வருஷத்துக் குத்தகைப் பணத்துக்கு விற்றவனாவான்.

ஒரு தாலுகாவில் 500 பேர் மாதம் 100 ரூபாய் போட்டால் வருஷத்தில் 6 லட்சம் ரூபாய் சேரும். ஒரு சிறு படத்துக்கு அது ஆரம்பம். அந்த 500 பேர் குடும்பமும் முதல் காட்சிக்கு வருகிற ஜனங்கள். இதைச் செய்யாமல், பணமில்லை என்று சொல்லிக்கொண்டு அவர்கள் படத்துக்கே மாதாமாதம் டிக்கெட் வாங்கிக்கொண்டிருப்போமானால், சினிமாவைக் குறை கூற நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்கிறோம்.