மலையூர்களில் எளியோர்க்கு இடமுண்டா?

மலையும் நீரும் ஒருங்கே அமைந்த ஊர்கள் மாந்தர் உள்ளத்தைக் கவர்வன. தமிழகத்தில் உதகமண்டலம், கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மூன்றும் ஏரியால் அழகு பெற்ற மலையூர்கள். கோடை பிறந்தவுடன் இவ்வூர்களை நோக்கி வண்டிகள் வரிசைகட்டி ஏறுகின்றன. ஆனால் தோளில் ஒரு பையும் கையில் சிறிது பொருளுமாகத் தனியே புறப்படும் மாணவனுக்கும் மாணவிக்கும் அங்கு இடமுண்டா? இடம் இருத்தல் வேண்டும் என்பதும், அத்தகையோரே மலைக்கு ஏற்ற விருந்தினர் என்பதும் நமது கருத்து.

பொருளில்லாதவன் மலைவழிச் செல்லலாமா என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், பரிசில் பெற்ற கூத்தன் ஒருவன் வறிய கூத்தர்க்கு வழிகாட்டுவதாக அமைந்த நூல். பன்றிக்கு வைத்த பொறி, புனங்காவலர் வீசும் கவண்கல், வழுக்கும் பாறை என வழியின் இடர்களை அது ஒளியாமல் உரைக்கின்றது. இடையிலுள்ள சிற்றூர்களில் மலைவாழ் மக்கள் உறவினர்போல் வரவேற்று உணவளிப்பர் என்றும் கூறுகின்றது. வழியின் அருமையையும் வழியிலுள்ளோர் அன்பையும் ஒருசேரச் சொல்லும் அந்நூலை எளிய பயணியின் கையேடு எனலாம்.

தனித்துச் செல்வதன் பயனும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1325ஆம் ஆண்டில், இருபத்தோரு வயதில், இப்னு பதூதா தாஞ்சியர் நகரினின்றும் துணையின்றியே புறப்பட்டார். பின்னாளில் மதுரை வரையிலும் வந்தார். கூட்டமாகச் செல்வோர் தமக்குள்ளேயே பேசிக்கொண்டு திரும்பிவிடுவர். தனியே செல்பவனோ வழி கேட்கவேனும் வாய் திறந்தாக வேண்டும். தேநீர்க் கடைக்காரரும், காய்கறிச் சுமை ஏற்றுவோரும், பேருந்து நடத்துநரும் அவனுக்கு ஆசிரியர் ஆகின்றனர்.

இனி, ஏரிகளின் நிலையை நோக்குவோம். உதகை ஏரி, கோயம்புத்தூர் ஆட்சியராய் இருந்த ஜான் சல்லிவன் முயற்சியால் 1820களில் உருவாக்கப்பட்டது. விண்மீன் வடிவான கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்சு என்பவரால் அமைக்கப்பட்டது. ஆக்கிய ஏரியை ஊரே சுருக்கியதும் உண்டு. உதகையின் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் ஒருகாலத்தில் ஏரியின் பரப்பாக இருந்த இடத்திலேயே அமைந்தன.

மலை தாங்கும் சுமைக்கும் அளவுண்டு. அதனை உணர்ந்தே சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டின் கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் எனவும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 எனவும் வரம்பு விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்தில் செல்வோர்க்கு இக்கட்டுப்பாடு இல்லை. காரணம் வெளிப்படை. ஒரு பேருந்து ஐம்பது பேரைச் சுமக்கின்றது. ஒரு மகிழுந்து நால்வரையே சுமக்கின்றது. ஆகவே சிக்கனமாய்ச் செல்பவன் தன் பணப்பையை மட்டுமன்றி மலையையும் காக்கின்றான்.

அவன் இழப்பதுதான் என்ன? மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் தொலைவைப் பற்சக்கரத் துணையுடன் ஏறும் மலைத்தொடர்வண்டி 1908 முதல் உதகை வரை செல்கின்றது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு செல்லப் பேருந்து உண்டு. கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர்ச் சாலையைக் காலையில் நடந்து வரக் கட்டணம் எதுவுமில்லை. பனி விலகி நீர் தோன்றும் காட்சி செல்வர்க்கு ஒன்றும் வறியர்க்கு வேறொன்றும் அன்று.

தடை வேறிடத்தில் உள்ளது. தனியாக வந்தவர் என்ற ஒரே காரணத்தால் அறை மறுக்கும் விடுதிகள் பல. நம் மாணவர் ஒருவர் மாலைமுதல் நான்கு விடுதிகளின் படியேறி இறங்கி, இறுதியில் இரவுப் பேருந்திலேயே ஊர் திரும்பினார். விடுதியாளரின் அச்சத்தை நாம் அறியாமல் இல்லை. தனியே வந்தவர்க்குத் தீங்கு ஏதும் நேர்ந்தால் தமக்கு வழக்கு வருமே என அவர் அஞ்சுகின்றார். எனினும் அடையாள அட்டையும் வீட்டாரின் தொலைபேசி எண்ணும் பெற்றுக்கொண்டு இடமளிப்பதே முறை. ஐயத்தை விருந்தோம்பலுக்கு ஈடாக வைத்தல் மலைபடுகடாம் பிறந்த மண்ணுக்கு அழகன்று.

பெண்மக்கள் நிலை இதனினும் கடினம். விடுதிக்கு முன்னரே வீட்டு வாயிலில் தடை எழுகின்றது. பெற்றோரின் கவலை நேர்மையானதே. ஆனால் அக்கவலைக்கு மருந்து மகளை வீட்டில் இருத்துவதன்று. பாதுகாப்பான தங்குமிடத்தை உண்டாக்குவதே. கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. இத்தகைய நிறுவனங்களின் விடுதிகளில் விடுமுறைக் காலத்தில் பிற கல்லூரி மாணவியர்க்குக் குறைந்த கட்டணத்தில் இடமளிக்க வழி காணலாம். ஒருவர்க்கு ஒரு கட்டில் என்னும் முறையிலான பொதுத் தங்கறைகளை அரசும் பெருக்குதல் வேண்டும். அறப்பணியில் கைதேர்ந்த நம் பெரியோர்கள் ஆண்டுதோறும் சில மாணவரின் பயணச் செலவை ஏற்பதும் கல்விப் பணியே ஆகும்.

மாணவச் செல்வங்களே, ஏப்ரல், மே மாதக் கூட்டத்தைத் தவிர்த்துச் செல்லுங்கள். செல்லுமிடத்தை வீட்டில் சொல்லிச் செல்லுங்கள். தடைசெய்யப்பட்ட காட்டுக்குள் புகாதீர்கள். ஏரிக்கரையில் ஒரு நெகிழித் தாளையும் விட்டு வராதீர்கள். கண்டதையும் கேட்டதையும் அன்றன்றே குறித்து வையுங்கள். திரும்பி வந்து, செல்ல அஞ்சி நிற்கும் மற்றொருவர்க்கு வழி சொல்லுங்கள். பெற்றவன் பெறாதவனை ஆற்றுப்படுத்துவதே நம் இலக்கியம் காட்டும் நெறி.